விளக்கை அணைத்து அணைத்து ஆடிய இறுதிப் போட்டி

என் அம்மா கோரல் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். காலையில் பிள்ளைகளை ஏற்றுவார், மாலையில் இறக்குவார், நடுவில் டென்னிஸ் ஆடுவார். பேருந்தில் சத்தம் அதிகமானால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குறுக்கெழுத்துப் போடுவார். அடங்கிய பிறகுதான் வண்டி நகரும். எங்கள் ஊரில் குளிர்காலமான ஜூன் மாதம் இறந்தார். உறைபனி விழுந்த காலை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடிகிறது.

டென்னிஸ் கிளப் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். நான் விமானக் கருவிகளைப் பழுதுபார்ப்பவள், எழுதிப் பழக்கமில்லை. ஒரே ஒரு மாலையைச் சொல்கிறேன்.

வசந்தகால இரவு டென்னிஸ் கோப்பையை அம்மா ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கறிக்கடை லெஸ்தான் இரட்டையர் ஆட்டத்தில் அவருடைய கூட்டாளி. இருவரும் இறுதிப் போட்டிக்கு வருவார்கள், வில்மாவிடமும் அவள் கணவர் ட்ரெவரிடமும் தோற்பார்கள். அந்த வருடம் கதை மாறியது. கடைசி செட்டில் இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் கோப்பை அம்மாவுக்கு.

அப்போதுதான் பூச்சிகள் வந்தன.

அன்று வடக்கிலிருந்து சூடான காற்று. அதோடு போகாங் அந்துப்பூச்சிகள். சமவெளி வெயிலுக்குத் தப்பி, மலைக்குகைகளில் கோடை முழுவதும் தூங்கப் போகிறவை. மைதான விளக்குகளைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு சுழல் எழுந்தது. பந்து தெரியவில்லை. லெஸ் வாயைத் திறந்து மூடினார், பிறகு துப்பினார்.

வில்மா பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தாள். ஆட்டம் அன்றிரவே முடியாவிட்டால் கோப்பை பழையபடி அவளிடமே இருக்கும். அதுதான் கிளப் விதி.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல கோரல். டீ குடிக்கறியா?"

"உன் டீல ரெண்டு நீந்துது. பாத்துக் குடி" என்றார் அம்மா. பிறகு என்னிடம் வந்தார். "ஏண்டி கெரின், இதுங்களுக்கு விளக்கு மேல அப்படி என்ன காதல்?"

"காதல் இல்லம்மா, குழப்பம். ராத்திரியில தரையைவிட வானம்தான் கொஞ்சம் வெளிச்சம். முதுகை வெளிச்சத்துப் பக்கம் வச்சுக்கிட்டா நேராப் பறக்கலாம். விளக்குப் பக்கத்துல வந்ததும் அதை வானம்னு நெனச்சு முதுகைக் காட்டுது. உடம்பு சாயுது. சாஞ்சு பறந்தா வட்டம்தான். விமானமும் அப்படித்தான் திரும்பும்."

லெஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பகல்ல பறந்து தொலைச்சா நமக்கு ஏன் இந்தத் தலைவலி?"

"பகல்ல வந்தா மேக்பைப் பறவை தின்னாம விட்டுவைக்குமா?" என்றார் அம்மா. "நீ மட்டும் மேக்பை தலையில கொத்தும்னு பயந்து ஹெல்மெட் போட்டுக்கிட்டு சைக்கிள் ஓட்டுவ. அதுங்க எங்க போய் ஹெல்மெட் வாங்கும்?"

சிரிப்பு அடங்கும் முன் அவர் மேலே பார்த்தார். "அப்ப இதுங்க ஆசைப்பட்டு வரல. மாட்டிக்கிட்டு நிக்குது. அணைச்சா?"

"போயிடும். நட்சத்திரத்தைப் பாத்து வழி கண்டுபிடிக்கத் தெரிஞ்சதுங்கதான்."

"அப்ப அணைச்சு வை. நான் சொல்றப்பப் போடு, ஒரு புள்ளி ஆடுவோம், உடனே அணைச்சிடு."

வில்மா எழுந்தாள். "விதியில இப்படி எல்லாம் இல்ல."

"விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கணும்னும் இல்லயே."

பழைய விளக்குகளாக இருந்தால் ஒருமுறை அணைத்தால் ஆறும்வரை எரியாது. முந்தைய ஆண்டுதான் எல்இடி மாட்டியிருந்தோம். நான் ஸ்விட்ச் பெட்டிக்குப் போனேன்.

இருட்டு. சிறகுச் சத்தம் மெல்லக் குறைந்தது.

"போடு." ஒரு புள்ளி. "அணை."

அடுத்த புள்ளிக்காகக் காத்திருக்கையில் இருட்டுக்குள்ளிருந்து பேச்சு மட்டும் வந்தது.

"யாரு என் கால மிதிக்கறது?"

"லெஸ், நாந்தான். பந்து தேடறேன்."

"அது பந்து இல்ல, நான் சாப்பிட வச்ச சாசேஜ்."

இப்படியே வெற்றிப் புள்ளிவரை வந்துவிட்டது. அம்மா அடித்த பந்து வில்மாவைத் தாண்டிக் கோட்டுக்குள் விழுந்தது. அவள் நகரவே இல்லை. கையைத் தூக்கினாள்.

"கண்ணாடியில பூச்சி. பந்தப் பாக்கவே இல்ல."

"போன வருஷம் முட்டி வலி, இந்த வருஷம் பூச்சியா?" என்றார் லெஸ்.

அம்மா வலைவரை நடந்து போய்க் குனிந்து பார்த்தார். வில்மாவின் இடது கண்ணாடியில் ஒரு போகாங் சிறகை மடித்து உட்கார்ந்திருந்தது.

"இருக்கு. மறுபடி ஆடலாம்."

"கோரல், நாம ஜெயிச்சாச்சு."

"அவ பாக்காத பந்துல ஜெயிச்சு நான் என்ன பண்ண? போய் நில்லு."

மறுபடி ஆடிய புள்ளி போயிற்று. அடுத்ததும் போயிற்று. லெஸ் அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்த கேம் முடிவதாகவே இல்லை. சமன், முன்னிலை, மறுபடி சமன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிச்சம், ஒரு இருட்டு.

கடைசியில் மீண்டும் ஒரு வெற்றிப் புள்ளி. "போடு" என்றார். ட்ரெவர் பந்தை உயரத் தூக்கி அடித்தார். அம்மா அதன் கீழே தள்ளாடி ஓடி மட்டையை வீசினார். விளிம்பில் பட்டது. பந்து வலையைத் தாண்டிச் சோர்ந்து விழுந்து, எழும்பாமலே உருண்டது.

வில்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்குப் பேரு ஷாட்டா?"

"பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன் போடி."

அம்மா மூச்சு வாங்கியபடி என் பக்கம் திரும்பினார். "அணைச்சிடு கெரின். அதுங்க போகட்டும், இன்னும் மலை ஏறணும்."

அணைத்தேன். கைகுலுக்கல்கள் எல்லாம் இருட்டில்தான் நடந்தன. யார் யாருடைய கையைப் பிடித்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. என் கையையும் சிலர் வந்து குலுக்கினார்கள். பிறகு ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த ஒரு கை வந்து பிடித்தது, விடவே இல்லை. யார் என்று நான் கேட்கவில்லை.