அம்பத்தூர் இயந்திரம் சொன்னதை ஆவடியில் சரிபார்த்த திங்கட்கிழமை

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். என் ஏழு மாத மகள் இப்போதுதான் தூங்கினாள்.

தோளில் ஒரு கொழுப்புக் கட்டி. அதை எடுப்பதற்கு முன் அம்பத்தூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தேன். வெள்ளி மாலை அழைத்தார்கள்: எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் சோதனையில் 'ரியாக்டிவ்', அதாவது தொற்று இருக்கலாம். "இது முடிவு இல்ல மேடம், கவர்மென்ட் சென்டர்ல உறுதி பண்ணிக்குங்க." அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. அன்றே, யாரையும் கேட்காமல், தாய்ப்பாலை நிறுத்திப் பாட்டில் பாலுக்கு மாற்றிவிட்டேன்.

சனிக்கிழமை போய் அந்த இயந்திரத்தைக் காட்டச் சொன்னேன். (பயம் வந்தால் எனக்குக் கேள்விகள் அதிகமாகும்.) ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்த அளவு. குழாய்கள் வரிசையாக நகர, ஓர் ஊசி இறங்கி ஒவ்வொன்றிலும் துளி எடுக்கிறது. எதிர்ப்பொருள் ஒட்டினால் எழும் ஒளியை எண்ணாக்குகிறது. அந்த எண் ஒன்றைத் தாண்டினால் ரியாக்டிவ். எனக்கு 1.4. நிஜத் தொற்றில் பெரும்பாலும் எண் இதைவிடப் பல மடங்கு மேலே இருக்குமாம்.

"ஒருத்தரையும் விட்டுடக் கூடாதுன்னு செட் பண்ணியிருக்கு. சில நேரம் சும்மா இருக்கறவங்களையும் பிடிச்சுடும்" என்றார் டெக்னீஷியன்.

திங்கள் காலை ஒன்பதுக்கு அயனம்பாக்கத்திலிருந்து கணவர், குழந்தை, நான். அம்பத்தூரில் தெரிந்த முகங்கள் அதிகம், அதனால் ஆவடி. சுமார் பத்து கிலோமீட்டர், ஆட்டோ 250 ரூபாய்.

"இன்னாம்மா, ரத்த டெஸ்ட்டுக்கா ஆவடி வரிக்கும்? அம்பத்தூர்ல மூலைக்கு மூலை லேப் கீதே" என்றார் ஓட்டுநர்.

"அங்க மிஷின் சொன்னது சரியான்னு பாக்கணும்ணா."

"மிஷின நம்பாதம்மா. என் மீட்டரே பொய் சொல்லும்."

மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தேன்.

அரசு மையத்தில் எல்லாம் இலவசம். ஆலோசகர் தனியறையில் பேசினார். எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என்னுடையதை மூன்று வெவ்வேறு சோதனைக் கிட்டில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றை ஏமாற்றுவது மூன்றையும் ஏமாற்றுவது அரிதாம். மதியத்துக்குள் முடிவு: இருவருக்கும் இல்லை. மருத்துவர் தாய்ப்பால் தரலாம் என்றார். உறுதிக்கு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை வரச் சொன்னார்.

"பால யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்றார் ஆலோசகர்.

"நானேதான்."

"அட, ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

இப்படி உறுதிப்படுத்தப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். 'ரியாக்டிவ்' என்ற சொல்லோடு நிற்காமல் எண்ணையும் கேளுங்கள். மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

வீடு வந்ததும் மகளை மார்பில் அணைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைத் தேடி அழுகிறாள். இரண்டு நாளாக இதே கதை. பாட்டிலுக்குப் பழகிய குழந்தையைத் திரும்பத் தாய்ப்பாலுக்குக் கொண்டுவந்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.