உறுமியின் பெயர்க்காரணம்

1937 மார்ச் பதினேழு, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அனல்காற்று என் மேசைமேல் நான்கு முறை புழுதியைக் கொட்டியது. நான்கு முறையும் நானே துடைத்தேன். நாமக்கல்லிலிருந்து பதினொரு மைல் தள்ளிய அந்தப் பள்ளியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், வாத்தியார் நான் ஒருவன். அன்று ஆய்வாளர் வந்திருந்தார். காரணப் பெயருக்கு உதாரணம் கேட்டார். ஒன்பது பிள்ளைகளை எழுப்பினார். ஒன்பது பேரும் "நாற்காலி" என்றார்கள். "உங்க வாத்தியாருக்கு வேற பேரே தெரியாதா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை.

அப்போது உறுமிக்காரர் வேலியோரமாகப் போனார். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு உறுமி அடிக்கும் உரிமை அவருடையது. அதற்காக ஆண்டுக்குப் பன்னிரண்டு வள்ளம் கம்புத் தானியம் பெற்றுவந்தார். தோளில் புதுத்தோல் பூட்டிய உறுமி. கூப்பிட்டேன். அவர் சாதிக்காரர்கள் பள்ளிக்குள் வரக்கூடாது என்பதால் வாசலில் வெயிலில் நிறுத்தினேன். பிள்ளைகளுக்கு விளக்கினேன்: இடை ஒடுங்கிய உடல், இருபுறமும் தோல். ஒரு பக்கம் குச்சியால் அடிப்பது. மறுபக்கத்தை வளைந்த கோலால் அழுத்தித் தேய்த்தால் மிருகம் உறுமுவதுபோல் சத்தம் வரும். உறுமுவதால் உறுமி. ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கே, உறுமட்டும்."

உறுமிக்காரர் வளைகோலைத் தொடவில்லை. "வேண்டாமுங்க சாமி. புதுத்தோலுங்க. மொத உறுமல் ஆத்தாளுக்குங்க. செவ்வாக்கெழம பூச்சாட்டி நோம்பி தொடங்குனதும் நேரா இங்க வாரேனுங்க. எத்தன வாட்டி வேணும்னாலும் உறுமறேன். இப்ப அந்தப் பக்கம் வேணா அடிக்கறேனுங்க."

"அதுவரைக்கும் உங்க ஆத்தா காதைப் பொத்திக்கிட்டா இருப்பா?" என்றேன். பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள், இம்முறை என் பக்கம் நின்று. அதோடு விடவில்லை. "உன் பையனை வெளியே உக்காந்தாவது படிக்க வெக்கணும்னு மூணு தடவை வந்தியே, மறந்துபோச்சா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். ஏழு உறுமல். ஆய்வாளர் பதிவேட்டில், "நேரடி விளக்கம் நன்று" என்று எழுதினார். மூன்று சொற்கள்.

செய்தி அன்று மாலையே கோயிலுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை ஊர் கூடியது. தர்மகர்த்தா கேட்டார்: "ஏண்டா, ஆத்தாளுக்கு எச்சச் சத்தத்தையா கொண்டாந்து வெப்பே?"

"வாத்தியாருதாஞ் சொன்னாருங்க சாமி. அவரையே கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். "நான் பெயர்க்காரணம்தான் சொன்னேன். உறுமச் சொல்லி நான் கேட்கவில்லை," என்றேன். அது பொய்யல்ல; கேட்டவர் ஆய்வாளர். பையன் பேச்சை எடுத்து மிரட்டியதை நான் சொல்லவில்லை. கூட்டத்தில் என் மாணவர்கள் பதினாறு பேர் நின்றார்கள். பதினாறு பேரும் அதைக் கேட்டவர்கள். உறுமிக்காரரின் கையிலேயே கத்தியைக் கொடுத்துத் தோலைக் கிழிக்கச் சொன்னார்கள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. தோல் கிழிபடும்போது ஒரு சத்தம் வந்தது. அதை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. உரிமை ஜேடர்பாளையத்து ஆளுக்குப் போனது. கம்பும் போனது.

பத்து நாள் கழித்து அவர் மூட்டையோடு பள்ளி வாசலில் நின்றார். பின்னால் மனைவி, பக்கத்தில் பையன். "ஆத்தூர்ப் பக்கம் கூலிக்குப் போறமுங்க. பையனை மட்டும் சித்தப்பன் ஊட்ல உட்டுட்டுப் போறேன். பேரை எழுதிக்குங்க சாமி. நீங்க சொன்னபடி உறுமிட்டேனுங்களே."

என் பதிவேட்டில் நாற்பது வரிகள். இரண்டு காலியாக இருந்தன. "இடமில்லை" என்றேன். எழுதினால் ஊர் என்னைக் கேட்கும். அவர் என்னைத் திட்டவில்லை. "செரிங்க" என்றார். மூவரும் போனார்கள். பையன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

மே மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. அதன்பின் முப்பத்தோராண்டு பாடம் நடத்தினேன். காரணப் பெயருக்கு நாற்காலியைத் தவிர வேறு உதாரணம் சொன்னதில்லை. இப்போது எண்பத்திரண்டு வயது, இரவில் இருமல், தூக்கம் நான்கு மணி நேரம். தெருவில் உறுமிச் சத்தம் கேட்டால் ஏழு வரை எண்ணிவிட்டு ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

அந்த ஆண்டு தீட்டுக் கழிக்க ஊரில் வீட்டுக்கு வீடு வசூல் செய்தார்கள். என் பங்கையும் கொடுத்தேன். அந்த உறுமலுக்காக என் கையிலிருந்து போனது மொத்தம் மூன்றணா.