மேல் மாடிக்கு மேலே ஒரு மாடி

ஆபீஸில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'இடுக்கு மேடம்'. கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதைக் கம்ப்யூட்டரில் மாதிரியாகக் கட்டிப் பார்த்து, உள்ளே எவ்வளவு வெயில் ஏறும், எவ்வளவு பெரிய ஏசி போட்டால் அடங்கும் என்று கணக்குச் சொல்லும் ஆபீஸ் அது. அடுத்தவர் வரைந்த மாதிரியில் இரண்டு சுவர்களுக்கு நடுவே விரற்கடை இடுக்கு இருந்தாலும் அவளுக்குத் தப்பாது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் மாறிப்போன சுவர், இரண்டு முறை வரைந்த தரை, சுவரைத் தாண்டி நீளும் ஜன்னல், எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். கண்டுபிடித்தால் வரைந்தவரை அன்று முழுக்க உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். என்னைக் கேட்டால் அது கொஞ்சம் அதிகம்தான்.

ஆறு வருஷத்துக்கு முன் அவளே ஒரு ஃபைல் செய்து வைத்திருந்தாள். கீழ்த்தளம் ஒன்று, நடுத்தளம் ஒன்று. நடுத்தளத்தை எத்தனை மாடி வேண்டுமோ அத்தனை முறை நகலெடுத்து மேலே மேலே அடுக்கினால் கட்டடம் தயார். இரண்டு நாள் வேலை மிச்சம். எல்லோரும் அதைத் தாய் ஃபைல் என்றார்கள். புது வேலை எதுவானாலும் அதிலிருந்துதான் தொடங்கும்.

ஒரு மத்தியானம் தங்கை போன் செய்தாள். அவள் புதிதாகத் திறந்த பிரசவ ஆஸ்பத்திரியில், நாலாவது மாடியில் நர்ஸ். அதற்கு மேல் மாடி கிடையாது. வார்டு அனலாகக் கொதிக்கிறது, பச்சைக் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு என்றாள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கு அவள் போட்டது. ஏசி மெக்கானிக்தான் சொதப்பியிருக்க வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரியும் அப்படித்தான் நினைத்தது. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது என்று அந்த மனுஷன் தலைபாடாக அடித்துக்கொண்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் மீட்டிங்கில் அவரைக் கழற்றிவிடுவதாக இருந்தார்கள்.

"அக்கா, உன் கணக்கையும் கூட்டிட்டு வந்து இங்க ஒரு மணி நேரம் உக்காந்து பாரு," என்று சொல்லிவிட்டுத் தங்கை போனை வைத்தாள்.

தங்கையின் வாயை அடைக்கத்தான் ஃபைலைத் திறந்தாள். சுவர்கள் சரி. ஜன்னல்கள் சரி. கடைசியாக நாலாவது மாடியின் கூரையைத் தொட்டாள். 'இதற்கு மேலே இன்னொரு அறை' என்று வந்தது. நடுத்தளத்தின் நகல் அல்லவா? கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இல்லாத ஐந்தாவது மாடி ஒன்று மேலே உட்கார்ந்து வெயிலையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தது. வார்டின் மேல் ஒரு பொட்டு வெயில் விழவில்லை. தாய் ஃபைலைத் திறந்தாள். அதிலும் அதேதான்.

வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. சத்தமில்லாமல் திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணம் அவளுக்கும் வந்தது. வந்ததற்கே கூசிப்போனாள்.

மறுநாள் முதலாளியோடு அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மீட்டிங்கில் மெக்கானிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி மேனேஜர் தொடங்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மெஷின்ல தப்பில்ல சார். நான்தான் சின்ன மெஷின் போதும்னு சொல்லிட்டேன். மேல வெயில் விழும்ங்கறதே என் கணக்குல இல்ல."

மெக்கானிக் பக்கம் திரும்பி மன்னிப்பும் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. நாலு தடவை சொன்னேன் என்று மட்டும் முணுமுணுத்தார். பெரிய மெஷின் அந்த வாரமே வருவதாக முடிவாயிற்று.

ஆபீஸுக்கு வந்தபின் முதலாளி, தாய் ஃபைலிலிருந்து எத்தனை கட்டடம் போயிருக்கிறது என்று கேட்டார். முப்பத்தேழு என்றாள். அவர்கள் யாரும் புகார் சொல்லவில்லையே, கிளறுவானேன் என்றார். கேட்டுத்தான் பார்க்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு இடத்துக்கு வந்தாள். அவர் தடுக்கவில்லை.

பட்டியலில் முதலாவது ஒரு பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டரே போனை எடுத்தார். மேல் மாடி வகுப்புகள் வெயில் காலத்தில் எப்படி இருக்கின்றன என்று கேட்டாள்.

"மத்தியானம் அங்க கிளாஸ் வைக்கிறதையே விட்டுட்டோம்மா. முதல் வருஷம் பசங்க தூங்கித் தூங்கி விழுந்தாங்க. திமிருன்னு நெனச்சு அத்தன பேரையும் முட்டி போட வச்சோம்."