அம்மாவின் மெஷினை இடம் மாற்றுதல்

இடது கைக் காகிதத்தில் நான்கு எழுத்து, வலது கைக் காகிதத்தில் நான்கு எழுத்து என்று அப்பா மாறி மாறி வாய்விட்டுப் படிக்கிறார். எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான சரம். ஆபீஸின் பழைய வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், உள்ள கோப்புக்குக் கணினி கணித்துத் தந்தது ஒன்று, புதிய வட்டுக்குப் போன நகலுக்கு ஒன்று. ஓர் எழுத்து பிசகினாலும் நகல் கெட்டுவிட்டது என்று பொருள். கணினியே ஒப்பிட்டுச் சொல்லிவிடும். அவருக்கு அது போதாது. முன்பு ஒரு காகிதத்தை அம்மா படிப்பாள், அப்பா "ம்" கொட்டுவார். இப்போது இரண்டும் அவரே.

"நான் படிக்கட்டுமாப்பா?"

"வேணாம்மா. நீ ரொம்ப வேகம்."

பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத குளிர்ந்த அறையில் அப்பாவுக்கு வேலை. அங்கே ஒரு பெரிய கணினிக்குள் நாற்பது கணினிகள் ஓடுகின்றன. எல்லாம் மென்பொருளால் ஆனவை. அவற்றைத் தாங்கும் மென்பொருளின் பதிப்பு மாறும்போதெல்லாம், ஒரு மாணவரின் ஒரு மதிப்பெண்கூடச் சிந்தாமல் ஒவ்வொன்றின் வட்டையும் புதிய பதிப்புக்குக் கொண்டுபோவது அவர் பொறுப்பு. நகலெடுப்பார், ஒப்பிடுவார், ஒரு வாரம் பழையதில் கைவைக்க மாட்டார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'இன்னொரு தடவை சார்'.

போன வாரம் அலுவலகத்துப் பையன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், வீட்டைப் பூட்டிட்டும் மூணு தடவை இழுத்துப் பார்ப்பீங்களாமே?"

"உள்ள ஆள் இருந்தப்போ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லப்பா."



அம்மா தையற்காரி. துணி வெட்டுவதற்கான வெட்டுப்படங்களை அவள் வரைந்த மென்பொருள் பழையது, புதுக் கணினியில் ஏறாது. அதற்காகவே வீட்டுக் கணினிக்குள் அவளுக்கென்று, அதே மாதிரி மென்பொருளால் ஆன ஒரு மெஷினை அப்பா அமைத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அம்மா அதை அணைக்கவில்லை. வழக்கம்போல், திரையில் இருந்தது இருந்தபடியே தூங்க வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. ஏழு மாதமாக அது தூங்குகிறது.

இப்போது வீட்டுக் கணினியின் வட்டு கரகரக்கிறது. நின்றுவிட்டால் அவளுடைய பதினோரு வருடப் படங்களும் போகும். புதுக் கணினியில் இருப்பது, மெஷினைத் தாங்கும் மென்பொருளின் புதுப் பதிப்பு. வட்டில் உள்ளதை அது படிக்கும். பழைய பதிப்பு தூங்க வைத்ததை அதற்கு எழுப்பத் தெரியாது. இங்கேயே எழுப்பி, ஒழுங்காக அணைத்து, பிறகுதான் நகர்த்த வேண்டும். படங்கள் பிழைக்கும். அம்மா விட்டுப்போன அந்தத் திரை பிழைக்காது. நானும் இதே தொழில்தான். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

"நான் பண்றேம்ப்பா. நீங்க கொஞ்சம் வெளிய நடந்துட்டு வாங்க."

"ஊர்ல இருக்கிற மெஷினையெல்லாம் அணைக்கிறேன். இதுக்கு மட்டும் ஆள் வெச்சுக்கணுமா?" என்றார். சொல்லிவிட்டு இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்.

ஞாயிறு மதியம் எழுப்பினார். திரையில் ஒரு குழந்தைச் சட்டையின் கை, வளைவில் பாதிவரை. கோடு நின்ற இடத்தில் அம்புக்குறி, அம்மா விட்ட மாதிரியே. சேமிப்பதற்காக மவுஸை நோக்கிக் கை நீட்டினேன்.

"தொடாதே."

மவுஸைக் கணினியிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒயர் வெளியே தொங்கியது. பிறகு விசைகளை மட்டுமே ஒவ்வொன்றாக அழுத்திப் படத்தைச் சேமித்தார், மென்பொருளை மூடினார், மெஷினை அணைத்தார். திரை கறுக்கும்வரை அம்புக்குறி நகரவில்லை.