சாய்சதுரக் கேடயம்

வாப்பா உயிரோடு இருக்கும்போதே அவரை மௌத்தாக்கிய மகள் நான். அதுவும் ஒரே ஒரு சித்திரத்தால். அப்போது ஐந்தாம் வகுப்பு. வாப்பா என்றால் எனக்கு உயிர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சித்திர மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரப் பிரபுக்களின் குடும்பக் கேடயங்கள் அச்சடித்த பெரிய புத்தகம் ஒன்றை ஒருநாள் கொண்டுவந்து விரித்தார். மேலே தட்டையாகவும் கீழே கூராகவும் ஒன்று, குதிரை முகம்போல ஒன்று, பாதிரிமாருக்கென்று முட்டை வடிவில் ஒன்று, பெண்களுக்குச் சாய்சதுரம். பரிசளிப்பு விழாவில் தொங்கவிட, அவரவர் குடும்பச் சின்னத்தைப் பொருத்தமான வடிவத்துக்குள் கீறி வரச் சொன்னார்.

எங்களிடம் பிரபுப் பட்டம் இல்லாவிட்டாலும் சின்னம் இருந்தது. மாட்டின் தொடையில் சுடும் குறிதான். கல்முனைப் பக்கம் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வரும், குறியும் அப்படியே. வாப்பா கல்யாணம் முடித்து உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். பட்டியில் நின்ற எருமைகள் அத்தனையும் உம்மாவின் சீதனம். மேய்ப்பதும் கழுவுவதும் வாப்பா. தொடையில் இருப்பது உம்மா குடியின் குறி.

“உங்கட குறி என்ன வாப்பா?” என்று கேட்டேன்.

முற்றத்து மணலில் ஒரு பிறையும் அதன் கீழே ஒரு கோடும் கீறிக் காட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளங்கையால் அழித்துவிட்டார். “அது என்ட உம்மாட குடிக் குறி மகள். சூட்டுக்கோலும் என்ட தங்கச்சி வீட்டதான் கிடக்கு. நீ உன்ட உம்மாடதக் கீறு, அதுதான் சரி.”

எனக்கு யோசிக்க என்ன இருந்தது? குறி பெண்வழி, பெண்ணுக்குச் சாய்சதுரம். கீறி, சிவப்புப் பென்சிலால் அழுத்தி நிறமும் தீட்டினேன். முதற்பரிசு எனக்குத்தான் என்ற மிதப்போடு போய், “இது உம்மாட குறி” என்று நீட்டினால், மாஸ்டரின் முகம் இளகிவிட்டது. என் தலையைத் தடவி, “பிள்ளைக்குத் தகப்பன் இல்லையோ?” என்றார். புருசன் இருக்கிற பெண்ணின் சின்னம் புருசனின் கேடயத்துக்குள் வந்துவிடுமாம்; சாய்சதுரத்துக்குள் தனியே நிற்பது கல்யாணமாகாத குமரும் விதவையும்தானாம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு மாஸ்டரும் ஓடிவந்தார்.

வீட்டில் சொன்னதும் வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. “யா அல்லாஹ், என்ன கதை இது!” என்று தாளைப் பறித்து அடுப்பில் போட்டார். “இதுக்குச் சிரிப்பு வேற வருதா உங்களுக்கு?” என்று வாப்பாவின் மேலும் பாய்ந்தார். அன்று முழுக்க வாப்பா போன இடமெல்லாம் உம்மாவின் கண்ணும் போயிற்று. பரிசு வேறொருத்திக்குப் போனதை வீட்டில் யாரும் கேட்கக்கூட இல்லை.

அடுத்த முறை மாட்டுக்குக் குறி சுட்டபோது, உம்மா ஆளனுப்பி வாப்பாவின் தங்கை வீட்டிலிருந்து அந்தச் சூட்டுக்கோலை எடுப்பித்தார். உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, “நம்மட பட்டிக்குள்ள வேற குடிக் குறியா?” என்று குதித்தார்.

“என்ட மாடு. நான் சொல்றதச் சுடுங்க” என்றார் உம்மா. மாமா சூட்டுக்கோலை நெருப்புக்குள் செருகினார்.

ஒரு எருமைக் கன்றின் தொடையில் பிறையும் கோடும் ஏறின. புண் ஆறும்வரை வாப்பா காலையும் மாலையும் தேங்காயெண்ணெய் தொட்டு அந்தத் தொடையைத் தடவினார். ஆறிய பிறகும் தடவினார். வீதியால் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பெற்ற மகள் நான் இங்கே நிற்க, ஒரு எருமைக் கன்றின்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குப் பொறுக்கவேயில்லை. ஒரு கிழமை முழுக்க நான் வாப்பாவோடு கதைக்கவில்லை.