கம்பியை முறித்தது நான் இல்லை

என் எடை நூற்றிருபது கிலோ. நண்பர்களோடு ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போக ஆசை. புதுச்சேரி கடையில் எடையை மறைக்காமல் சொல்லி, என்னைத் தாங்கும் வண்டியாகப் பார்த்து வாங்கினேன். மரக்காணத்தில் நான் வேலை பார்க்கும் உப்புக் கிடங்குதான் எனக்கு வீடும். மழைக்காலம் முழுக்கச் சைக்கிளை உப்பு மூட்டைகளின் மேல் சாய்த்து வைத்திருந்தேன்.

கிளம்பிய அன்றே, கூனிமேட்டில் பின்சக்கரக் கம்பிகள் முறிந்தன.

“டேய், லாரி வாங்கிக்கடா!” நண்பர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சைக்கிளைப் புதுச்சேரி கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் கம்பியைத் தடவினார். “உன் வெயிட்டால இல்லப்பா. உப்பு அரிச்சிருக்குது. வேற வண்டி தர்றேன், ஆனா எங்க வைப்ப?”

கிடங்கைத் தவிர எனக்கு வேறு இடமில்லை. வாங்காமலே திரும்பினேன். என் உடம்பின் மேல் இருந்த கோபம் அன்றோடு போனது. போய் என்ன பயன்? நண்பர்கள் இன்னும் என் வயிற்றைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.