சார் கலந்துவைத்த சொற்கள்

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தால் எனக்குச் சேலையூர் ஞாபகம் வந்துவிடும். கூடவே, யாரோ என் கைப்பையைப் பார்க்கிறார்கள் என்ற உறுத்தலும். போன வாரம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போதுதான் அந்த போன் வந்தது. அதற்கு முன்னால் சாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கையோடு சேர்ந்த முதல் வேலை. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய காலனியில் தனி வீடு. சார் பிராகிருத மொழி அறிஞர். அந்த மொழிச் சொற்களுக்குத் தமிழில் அகராதி செய்துகொண்டிருந்தார். சொல்லுக்கு ஒரு அட்டை, பெட்டி பெட்டியாக, நடுவில் பூச்சிக்கு அந்துருண்டை. சாயங்காலம் நான் கிளம்பும்போது ஒன்றும் கேட்கமாட்டார். பையை மட்டும் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புளிசாதத்தில் பிராகிருதம் இல்லை என்று காட்ட, டிபன் பாக்ஸைத் திறந்தபடியே எடுத்துப்போன நாளும் உண்டு.

ஜெராக்ஸ் கடையிலும் மெஷினை ஒட்டியே நிற்பார். கறுப்படித்த காப்பியைக்கூடக் கடைக்காரரின் குப்பைக்கூடையில் போட விடமாட்டார்.

ஒருநாள் நான் ஒரு சொல்லை டைப் அடித்ததும் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

"இது நானே உண்டாக்கினதும்மா. நடுநடுவுல இப்படிக் கலந்து வெச்சிருக்கேன். எவனாவது திருடி புக் போட்டான்னா கையும் களவுமா மாட்டிப்பான்."

எவையெவை என்று குறித்து வைத்திருக்கிறீர்களா என்றேன். குறித்தால் அதையும் திருடுவார்கள் என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

போனில் பேசியது அவர் மகள். சார் போனபிறகு அகராதியை அச்சிட முயன்றிருக்கிறாள். பார்வையிட்ட பேராசிரியருக்குச் சில சொற்கள்மேல் சந்தேகம். சார் படித்த சுவடிகள் பல செல்லரித்துப் போய்விட்டன, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. சிலது பொய்யென்றால் எதையுமே நம்பி அச்சிட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"அக்கா, எதெல்லாம் பொய்னு உங்ககிட்டயாவது சொன்னாரா?"

கலந்ததைச் சொன்னார், அவ்வளவுதான் என்றேன். அன்று நானே அடித்த அந்த ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. பெட்டிகள் ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. போனை வைப்பதற்கு முன்னால் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்பா பயந்த மாதிரி யாராவது திருட வந்தாங்களா அக்கா?"

அத்தனை வருஷத்தில், திருட வேண்டாம், அது என்ன அட்டை என்று கேட்டுக்கூட ஒருவரும் வந்ததில்லை. அதைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.